மாறியது குணமல்ல, காயம்!

மூளையில் அடிபட்டவரைக் குடும்பம் எப்படித் தேற்றி எடுப்பது என்ற தலைப்பில் ஈப்போவில் பதிவான தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நான் பேசியதையும், அரங்கில் எழுந்த கேள்விகளையும் இங்கே எழுத்து வடிவில் தருகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். மருத்துவரை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆனால் இந்தத் தலைப்பில் மட்டும் நானும் பேசியே தீர வேண்டும் என்று நினைத்தேன். காரணம், என் தாய்மாமா.

ஒரு விடியற்காலை

என் மாமா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். பதினேழு வயதில் பால் மரம் வெட்டப் போனார். தொண்ணூறுகளில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். லயத்து வீடுகள் காலியாயின. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் போல மாமாவும் குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து, தாசேக் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வசிப்பதோ புந்தோங்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில்.

2011-ஆம் ஆண்டு ஒரு நாள், காலை ஆறரை மணி. வேலைக்குப் போகும் வழியில் ஒரு லாரி அவருடைய மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டது. தலைக்கவசம் அணிந்திருந்தார். ஆனால் தாடைப்பட்டையை மாட்டவில்லை. கவசம் ஒரு பக்கம் உருண்டது, மாமா ஒரு பக்கம் விழுந்தார்.

அறுவை சிகிச்சை நடந்தது. பதினொரு நாள் நினைவில்லை. பிறகு கண் திறந்தார். ஆறாவது வாரம் கைத்தடி ஊன்றி வீட்டுக்கு நடந்தே வந்தார். குடும்பமே கற்பூரம் கொளுத்தியது. "பொழச்சிட்டான், இனி பயமில்லை" என்று பாட்டி அழுது சிரித்தார்.

உண்மையில் எங்கள் சோதனை அன்றுதான் தொடங்கியது.

மாமா சோபாவில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருந்தார். "குளிக்கலையா?" என்றால் "குளிக்கிறேன்" என்பார். எழ மாட்டார். முன்பு அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று தட்டை வீசினார். வந்த விருந்தாளியின் முகத்துக்கு நேரே அவருடைய எடையைப் பற்றிப் பேசினார். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டார். மகளின் பிறந்த நாளை மறந்தார். 1985-இல் எந்த நிரையில் எத்தனை மரம் வெட்டினார் என்பதை மட்டும் பிசகாமல் சொன்னார்.

உறவினர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கை கால் நல்லாத்தானே இருக்கு? சோம்பேறியாயிட்டான்" என்றார் ஒருவர். "பொண்டாட்டி சரியா கவனிக்கல" என்றார் மற்றொருவர். "யாரோ எதையோ வச்சிட்டாங்க" என்று மூன்றாமவர் ஒரு முகவரியும் கொடுத்தார். அந்த முகவரிக்கும் போய், கையிலிருந்த பணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம்.

ஒரு நாள் இரவு அத்தை என் அம்மாவிடம் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அண்ணி, எனக்குத் தாலி கட்டினவரு அந்த ரோட்டுலேயே போயிட்டாரு. இவரு வேற யாரோ. ஆனா இதை வெளியில சொன்னா என்னைத்தான் திட்டுவாங்க."

அத்தை அப்போது பெட்டி கட்டி வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மண்டோர் இல்லாத தோட்டம்

மாமாவுக்கு என்னதான் ஆயிற்று? இதை எங்களுக்குப் புரிய வைத்தவர் ஒரு தொழில்முறைப் பயிற்சியாளர். அவர் சொன்ன விளக்கத்தை நான் நம் தோட்டத்து வழக்கில் சொல்கிறேன்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். மண்டோர் பெயர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நிரை, யாருக்குக் களை வெட்டு, யாருக்கு மருந்தடிப்பு என்று பிரித்து விடுவார். மழை வந்தால் வெட்ட வேண்டாம் என்று நிறுத்துவதும் அவரே. இரண்டு பேர் சண்டை போட்டால் விலக்கி விடுவதும் அவரே.

நெற்றி எலும்புக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி இந்த மண்டோரைப் போன்றது. எழு, தொடங்கு, முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய், போதும் நிறுத்து, இதை வாய்விட்டுச் சொல்லாதே என்றெல்லாம் உள்ளுக்குள் கட்டளை கொடுப்பது அந்தப் பகுதிதான். அதில் அடிபட்டால் என்ன நடக்கும்? தொழிலாளர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். கையில் கத்தி இருக்கிறது, வாளி இருக்கிறது. ஆனால் பெயர் கூப்பிட ஆளில்லை. ஆகவே யாரும் நிரைக்குப் போகவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர், "எல்லாரும் சோம்பேறிகள்" என்கிறார்.

மாமாவின் கை நன்றாக இருந்தது, கால் நன்றாக இருந்தது. பெரட்டு எடுக்கும் மண்டோர்தான் அடிபட்டுக் கிடந்தார். சோம்பேறித்தனமாகத் தெரிந்தது தொடங்க முடியாமை. முரட்டுத்தனமாகத் தெரிந்தது நிறுத்த முடியாமை. இரண்டும் குணமல்ல, காயம்.

ஏன் பெரும்பாலும் அந்தப் பகுதியே அடிபடுகிறது? மூளை ஏறத்தாழ 1.3 கிலோ எடையுள்ள, வெண்ணெய்க் கட்டி போன்ற மென்மையான உறுப்பு. வேகமாகப் போகும் தலை திடீரென்று நின்றால், உள்ளே இருக்கும் மூளை முன்னும் பின்னும் ஆடி மண்டையோட்டில் மோதுகிறது. நெற்றிக்குப் பின்புறமும் காதுகளுக்கு அருகிலும் மண்டையோட்டின் உட்பக்கம் கரடுமுரடானது. அங்கே உராய்ந்து நசுங்குகிறது. மோதலின் வேகத்தில் நுண்ணிய நரம்பு இழைகளும் முறுக்கி அறுபடுகின்றன. அதனால்தான் யோசிப்பது மெதுவாகிறது, சின்ன வேலைக்கே பெருங்களைப்பு வருகிறது. காதுப் பக்கத்துப் பகுதி புதிய நினைவுகளைச் சேர்த்து வைக்க உதவுவது. அது நசுங்கியதால்தான் 1985 நினைவிருந்து, இன்று காலை சாப்பிட்டது நினைவில்லாமல் போனது.

கம்பி துளைத்த மனிதன்

இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த விதி அல்ல. 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக் கொண்டிருந்தார்கள். பினியஸ் கேஜ் என்பவருக்கு வயது 25. என்ன வேலை தெரியுமா? அவரும் ஒரு மண்டோர்! வெடிமருந்தை இடித்து இறுக்கும் ஓர் இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. ஆள் சாகவில்லை. நடந்தார், பேசினார். ஆனால் முன்பு பொறுப்பாக வேலை வாங்கியவர், பிறகு வாய்க்கு வந்ததைப் பேசினார், போட்ட திட்டத்தில் நிற்கவில்லை. இவர் பழைய கேஜ் இல்லை என்று நண்பர்களே சொன்னதாக அவருடைய மருத்துவர் ஹார்லோ எழுதி வைத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இந்தக் கதையைப் படிக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை. கேஜ் பிறகு தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே வழி, ஒரே நேரம், ஒரே வரிசையில் வேலை. அந்த ஒழுங்கே அவருடைய உள்ளே உடைந்திருந்த ஒழுங்குக்கு ஊன்றுகோலாக இருந்திருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்ளே மண்டோர் இல்லையென்றால், வெளியே ஒரு பெரட்டு வைக்கலாம். மறுவாழ்வுச் சிகிச்சையின் சாரமே அதுதான்.

நாசர் வீட்டில் திறந்த கதவு

நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தையும் சொல்கிறேன். 2014 மே மாதம், சென்னைக்குத் தெற்கே நடந்த சாலை விபத்தில் நடிகர் நாசரின் மகனுக்குத் தலையில் பலத்த அடிபட்டது. பல நாள் நினைவில்லாமல் கிடந்து, நினைவு திரும்பியபோது அவர் முதலில் சொன்னது அம்மா, அப்பா என்ற சொல் அல்ல. விஜய் என்ற பெயர். அவருக்கு விஜய் என்று ஒரு நண்பர் இருந்ததால், அவரைத்தான் தேடுகிறார் என்று வீட்டார் நினைத்தார்கள். நண்பரைக் காட்டியபோது அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் நடிகர் விஜயைச் சொல்கிறார் என்று புரிந்து, அவருடைய பாடல்களையும் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்களாம். விஜயும் நேரில் வந்து பார்த்தார். இதை நாசரே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

பெற்ற பிள்ளை தன் பெயரைச் சொல்லாமல் ஒரு நடிகரின் பெயரைச் சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் வலிக்கத்தானே செய்யும்? அந்தக் குடும்பம் அந்த வலியோடு நின்றுவிடவில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அந்தக் கதவு வழியாக உள்ளே போனார்கள். நமக்கும் அதுவே பாடம். "என்னைத் தெரியலையா?" என்று நோயாளியைச் சோதிக்காதீர்கள். அவருக்கு எது நினைவிருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

அத்தை வைத்த பெரட்டு

மாமாவுக்குத் திறந்திருந்த கதவு எது? தோட்டம்தான். எத்தனை ஆண்டு ஆனாலும் பால் மரம் வெட்டியவருக்கு ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடும். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் அதிகாலையில், விளையாட்டாக, "என்னங்க, பெரட்டுக்கு நேரமாச்சு" என்றார். மாமா எழுந்து நின்றார்! அன்று அத்தை அழுததை என் அம்மா இன்றும் சொல்வார்.

பயிற்சியாளரிடம் இதைச் சொன்னதும், அவர் அதையே ஒரு திட்டமாக்கிக் கொடுத்தார். அந்தத் திட்டத்தில் இருந்தவற்றைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, எழுதி மாட்டுங்கள். எங்கள் வீட்டில் பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினோம். 5.30 பல் துலக்குதல். 5.45 குளியல். 6.15 பசியாறல். 6.45 மருந்து. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவரே பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். "குளிங்க" என்று பத்து முறை சொல்வதை நிறுத்திவிட்டு, "அட்டையில என்ன போட்டிருக்கு?" என்று ஒரு முறை கேட்டோம். வீட்டில் பாதிச் சண்டை அன்றோடு குறைந்தது.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரு சொல். "எழுந்து குளிச்சிட்டு சட்டைய மாத்திட்டு சாப்பிட வாங்க" என்பது நான்கு கட்டளை. அடிபட்ட மூளைக்கு அது மழைநாள் இரைச்சல் போல. "எழுந்திருங்க" என்று சொல்லிக் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வரும், ஆனால் மெதுவாக வரும்.

மூன்றாவது, செய்து கொடுக்காதீர்கள். இதுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. பாட்டி சோறு பிசைந்து ஊட்டிவிடுவார். பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மூளை தானே செய்வதைத் திரும்பத் திரும்பச் செய்துதான் புதுப் பாதை போட்டுக்கொள்கிறது. காட்டில் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை உண்டாவது போல. நாம் தூக்கிக்கொண்டு போனால் பாதை உண்டாகாது. மாமா தானே சட்டைப் பொத்தானை மாட்ட இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு அருகில் நிற்பதுதான் உதவி. பாட்டிக்கு இதைப் புரிய வைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

நான்காவது, களைப்பை மதியுங்கள். மூளைக் காயத்தின் களைப்பு உடல் உழைப்பின் களைப்பு அல்ல. அரை மணி நேரம் பேச்சுக் கேட்டாலே வரும். கடினமான பயிற்சியைக் காலையில் வையுங்கள். மதியம் ஓய்வு. வீட்டுக்கு வருபவர்களை ஒவ்வொருவராக வரச் சொல்லுங்கள். தொலைக்காட்சி ஓடும்போது பேச வேண்டியதைப் பேசாதீர்கள். தொலைக்காட்சிக்காரியே இதைச் சொல்கிறேன்!

ஐந்தாவது, கோபம் வரும்போது வாதிடாதீர்கள். பசி, வலி, சத்தம், களைப்பு, அவசரப்படுத்தல் ஆகிய ஐந்தில் ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். பேச்சை மாற்றுங்கள், அல்லது அடுத்த அறைக்குப் போய்விட்டு ஐந்து நிமிடம் கழித்து வாருங்கள். ஆனால் அடிப்பது, கத்தியை எடுப்பது என்ற நிலை வந்தால் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அவருக்குக் காயம் என்பதற்காக உங்கள் உடம்பில் காயம் படக்கூடாது. மருத்துவரிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

ஆறாவது, ஆபத்தான மூன்றை மறக்காதீர்கள். தலையில் அடிபட்டவருக்குப் பின்னால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் அனுமதிக்கும் வரை மோட்டார் சைக்கிள் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். மது ஒரு சொட்டும் வேண்டாம்; வலிப்பையும் தள்ளாட்டத்தையும் அது கூட்டும். பலருக்கு வாசனை தெரியாமல் போகும். ஆகவே சமையல் எரிவாயு கசிந்தாலும் சோறு கெட்டுப் போனாலும் அவருக்குத் தெரியாது.

எங்கே போவது?

பேராக்கில் இருப்பவர்களுக்கு முதல் வாசல் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் அரசாங்க மருத்துவமனை. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: நடைக்கும் உடம்புக்கும் பிசியோ எப்போது? குளிப்பது, உடுத்துவது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளுக்குத் தொழில்முறைப் பயிற்சி எப்போது? பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி எப்போது? தேதி எழுதிய அட்டை கையில் வராமல் வார்டை விட்டு வெளியே வராதீர்கள். கோலாலம்பூரில் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை 2012 முதல் இயங்குகிறது.

விபத்து வேலையிடத்திலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ நடந்திருந்தால் சொக்சோவை நாடுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சந்தா கட்டிய தொழிலாளிக்கு மருத்துவமும், விடுப்பில் இருக்கும் காலத்துக்குக் கணக்கிடப்பட்ட ஊதியத்தில் 80 விழுக்காடும் உண்டு. நிரந்தர ஊனம் என்றால் அதற்கான தொகை தனி. எப்போதும் ஒருவர் கூடவே இருந்து கவனிக்க வேண்டிய நிலை என்றால் அதற்கும் ஒரு மாதப் படி உண்டு. மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தை 2007 முதல் நடத்துகிறார்கள். மலாக்காவில் 2014-இல் சொக்சோவின் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நம் ஈப்போ மேரு ராயாவிலும் நரம்பு மறுவாழ்வுக்கென்றே இயந்திர உதவிக் கருவிகளோடு ஒரு பெரிய மையம் எழுந்திருக்கிறது. நாங்கள் அந்தக் காலத்தில் மாமாவைக் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் அலைந்தோம். நீங்கள் அலைய வேண்டாம். போலீஸ் புகார், மருத்துவ அறிக்கை, வருகைப் பதிவு இவற்றின் நகல்களை ஒரே கோப்பில் வையுங்கள்.

சொக்சோ இல்லாதவர்கள் சமூக நல இலாகாவுக்குப் போங்கள். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் ஓ.கே.யூ. அட்டைக்குப் பதியலாம். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் குடும்பத்துக்கான மாத உதவி, 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு, தானே அந்நோயிலிருந்து மீண்ட ஜேனட் இயோ என்பவர் 1996-இல் தொடங்கிய நாசாம் என்ற தேசிய பக்கவாதச் சங்கம் இருக்கிறது. அங்கே பயிற்சியும் கிடைக்கும், அதே துன்பம் பட்ட குடும்பங்களின் பழக்கமும் கிடைக்கும்.

அரங்கில் வந்த கேள்விகள்

"எத்தனை மாதத்தில் சரியாகும்?" என்று மெங்லெம்புவிலிருந்து வந்த ஓர் ஐயா கேட்டார். வேகமான முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் தெரியும். இரண்டு ஆண்டு வரை தொடர்வதைக் காணலாம். அதன் பிறகு கதவு மூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேகம் குறையும், ஆனால் பழக்கத்தால் வரும் முன்னேற்றத்துக்கு நாள் குறிப்பு இல்லை. அதே சமயம், பழையபடியே ஆகிவிடுவார் என்று உறுதி சொல்பவரையும் நம்பாதீர்கள்.

"என் மகன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இப்போது மலாயில்தான் ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது. திருத்தலாமா?" என்று ஒரு தாய் கேட்டார். திருத்தாதீர்கள், அம்மா. பல மொழி தெரிந்தவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்த மொழியில் வந்தாலும் அது பேச்சுத்தான். பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மகன் வீட்டில் அதிகம் பயன்படுத்திய முப்பது தமிழ்ச் சொற்களை உச்சரிப்போடும் பொருளோடும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்.

"உருவி விடலாமா, சாமி பார்க்கலாமா?" என்று பத்து காஜாவைச் சேர்ந்த ஒரு பாட்டி கேட்டார். சாமியைக் கும்பிடுங்கள், பாட்டி. கல்லுமலைக்குக் காவடி வேண்டிக்கொள்ளுங்கள். மனத்துக்குத் தெம்பு வேண்டும்தானே. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் போகாதீர்கள். மண்டையோட்டில் அறுவை நடந்த தலையை யாரும் அமுக்கக்கூடாது. கை காலை உருவுவதென்றாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

"அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார், வீக்கம் மட்டும்தான். பார்க்க வேண்டுமா?" என்றார் ஓர் இளைஞர். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் பலமின்மை, மூக்கிலோ காதிலோ நீர் வடிவது ஆகிய எதைக் கண்டாலும் உடனே 999. வயதானவர்களுக்கும், இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் சில வாரம் கழித்துக்கூட மெதுவான கசிவு வெளிப்படலாம். விழுந்து ஒரு மாதம் கழித்துத் தடுமாறினாலும், "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு பெண்மணி எழுந்தார். கேள்வி கேட்கவில்லை. "நான் ஒன்பது வருஷமா தூங்கலை, தங்கச்சி" என்றார். அவ்வளவுதான். அரங்கம் அமைதியாகிவிட்டது.

கவனிப்பவரை யார் கவனிப்பது?

அந்த அக்காவுக்கு நான் அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஆள் உயிரோடு இருக்க, பழைய ஆளை இழந்த துக்கம் என்று ஒன்று இருக்கிறது. அந்தத் துக்கத்துக்கு நாம் எட்டாம் நாள், பதினாறாம் நாள் வைப்பதில்லை. ஒப்பாரி கிடையாது, ஆறுதல் சொல்ல வருபவரும் இல்லை. "புருஷன் பொழச்சாரே, புண்ணியம் பண்ணினவ" என்றே வாழ்த்துகிறார்கள். அதனால் அது உள்ளேயே கிடந்து புழுங்குகிறது. அதை உணர்வது பாவமல்ல, அன்பு குறைந்துவிட்டது என்ற அர்த்தமுமல்ல. என் அத்தை அதைச் சொன்ன அன்றுதான் எங்கள் குடும்பம் விழித்துக்கொண்டது.

தோட்டத்தில் ஒரு வசதி இருந்தது. லயத்தில் ஒரு வீட்டில் ஆள் படுத்தால், பக்கத்து வீட்டில் உலை கொதிக்கும். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்வார்கள். யார் எப்படி இருக்கிறார் என்று காலைப் பெரட்டிலேயே தெரிந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்தினால் முடிந்தது. தோட்டத்தை விட்டு வந்தபோது நாம் இழந்தது வீட்டை மட்டும் அல்ல, அந்த முறைமாற்றையும் சேர்த்துத்தான்.

அதைத் திரும்ப வைத்துக்கொள்ள முடியாதா? சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தனியே ஒரு ஏக்கர் வாங்க முடியாத பால் மரத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். ஒருவரால் தூக்க முடியாததைச் சேர்ந்து தூக்கிய பரம்பரை நாம்.

எங்கள் குடும்பத்தில் அம்மா ஒரு அட்டவணை போட்டார். செவ்வாய் மாலை என் அண்ணன் மாமாவோடு நடக்கப் போவார். வியாழன் சித்தி சமையல். ஞாயிறு காலை எட்டிலிருந்து மதியம் வரை அத்தைக்கு விடுமுறை. கோயிலுக்குப் போகட்டும், தூங்கட்டும், சும்மா பேருந்தில் ஏறி ஊர் சுற்றட்டும், யாரும் கேட்கக்கூடாது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று உறவினர்கள் சொல்வார்களே, அப்படிச் சொன்னவர்களிடம் எல்லாம் அம்மா நோட்டை நீட்டினார்: "எந்தக் கிழமை, எந்த நேரம்?" சிலர் நழுவினார்கள். நான்கு பேர் எழுதினார்கள். நான்கு பேர் போதும்.

மாமா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை. கூட்டமாக ஆள் வந்தால் இன்றும் எழுந்து உள்ளே போய்விடுவார். சில நாள் கத்துவார். பிறகு அட்டையைப் பார்த்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பார். ஆனால் புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே ஆயிற்றே, பக்கத்தில் அதைத் தயாரிக்கும் ஒரு வீட்டில் தினமும் காலை இரண்டு மணி நேரம் பொட்டலம் கட்டுகிறார். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வரிசை. எடை பிசகுவதில்லை என்று அந்த வீட்டுக்காரர் சொல்கிறார்.

அத்தை கட்டி வைத்திருந்த பெட்டி? அது கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதில் இப்போது மாமாவின் மருத்துவ அறிக்கைகளும், அவர் கோடு போட்டு முடித்த அட்டைகளும் அடுக்கியிருக்கின்றன. இன்றும் விடியற்காலை ஐந்தரைக்கு அந்த வீட்டில் குரல் கேட்கும்: "என்னங்க, பெரட்டுக்கு நேரமாச்சு."

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவரைக் கவனிப்பவரிடம் போய் ஒரு கிழமையும் ஒரு நேரமும் சொல்லிவிட்டு வாருங்கள்.